வளைகோல் வீரரை வளர்த்த பொறுமை

மலைநாட்டில் ஏலம் பயிரிடுவோர் ஓர் உண்மையை நன்கறிவர். இன்று நட்ட செடி அடுத்த பருவத்திலேயே காய்த்துவிடாது. நிழலும் நீரும் தந்து, களை நீக்கிப் பேணி வந்தால் மூன்றாம் ஆண்டளவில்தான் அது காய்க்கத் தொடங்கும். பாலக்காட்டு வயல் வரப்புகளில் நிற்கும் பனையோ அதனினும் நெடிது காக்க வைக்கும். செடிக்கும் மரத்திற்கும் இத்துணைப் பொறுமை காட்டும் நாம், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு பங்கேனும் காட்டுகின்றோமா? ஆண்டு விழாப் போட்டியில் ஒரு முறை தோற்ற சிறுவனை, "இவனுக்கு இது வராது" என்று ஒதுக்கிவிடுகின்றோம். பத்தாம் வகுப்பு வந்ததும் பந்தையும் மட்டையையும் பிடுங்கிப் பரணில் போட்டுவிடுகின்றோம். இவ்வழக்கங்கள் நம்மிடையே இன்றும் உள்ளன.

வள்ளுவப் பெருந்தகை பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; காலமறிதலுக்கு வேறோர் அதிகாரம் வகுத்தார். முன்னது பிறர் செய்த தீமையைப் பொறுக்கும் பண்பு. பின்னது, வினை மேற்கொண்டவன் உரிய காலம் வரும்வரை தன்னை ஆயத்தம் செய்துகொண்டு காத்திருக்கும் அறிவு. இளைஞரை வளர்ப்பவர்க்கு வேண்டுவது பெரிதும் இந்த இரண்டாவது பொறுமையே. அதன் பயன் எத்தகையது என்பதை வளைகோல் பந்தாட்டம் என நாம் வழங்கும் ஹாக்கியின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. தமிழருக்கும் மலையாளிகளுக்கும் ஒருங்கே பங்குள்ள வரலாறு அது. வாளையாறு தொடங்கிக் குமுளி, போடிமெட்டு வரை எல்லையை ஒட்டி வாழும் தமிழ்க் குடும்பங்கள் அதனை அறிந்திருத்தல் நலம் எனக் கருதி, இம்மலரில் அதனை எழுதுகின்றோம்.

தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்த வீரர்

பிழைப்பு நாடிப் புலம்பெயர்ந்த தமிழர் குடியிருப்பு ஒன்றிலிருந்தே இவ்வரலாற்றைத் தொடங்குவது பொருந்தும். புனே நகரை அடுத்த கட்கி என்னும் ஊரில் ஆயுதத் தொழிற்சாலை ஒன்று உண்டு. அதன் விளையாட்டுத் திடலைப் பேணும் பணியாளராக இருந்தவர் நாகலிங்கம் பிள்ளை என்னும் தமிழர். அவருடைய மகனாக 1968-ஆம் ஆண்டு சூலை 16-ஆம் நாள் பிறந்தவரே தன்ராஜ் பிள்ளை. புது மட்டை வாங்கும் வசதி அக்குடும்பத்திற்கு இல்லை. பெரியவர்கள் ஆடி முறிந்த மட்டைகளைக் கயிற்றால் கட்டியும், அவர்கள் எறிந்துவிட்ட பந்துகளைப் பொறுக்கியும் அச்சிறுவரும் அவர்தம் உடன்பிறந்தாரும் ஆடிப் பழகினர்.

தமையனார் ரமேஷ் மும்பையில் ஒரு நிறுவன அணிக்கு ஆடி வந்தார். அவரே தம்பியைத் தம்முடன் அழைத்துச் சென்று வழிகாட்டினார். அங்கே மகிந்திரா நிறுவன அணியில் இடம் பெற்று ஆடிப் பழுத்த பின்னர், 1989-ஆம் ஆண்டில், தம் 21-ஆம் வயதில், தன்ராஜ் இந்திய அணிக்குள் நுழைந்தார். அதன்பின் நான்கு ஒலிம்பிக் போட்டிகள், நான்கு உலகக் கோப்பைகள், நான்கு ஆசிய விளையாட்டுகள் ஆகியவற்றில் ஆடும் அரிய பேறு அவருக்குக் கிட்டியது. 1998-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. அதற்குமுன் இந்தியா அத்தங்கத்தை வென்றது 1966-இல். அதுவும் அதே பாங்காக்கில்தான்.

தன்ராஜ் பிள்ளையின் ஆற்றலை உலகம் வியந்தது. அவ்வாற்றல் முளைத்த நிலத்தையும் நாம் நோக்க வேண்டும். தொழிலாளர் பிள்ளைகள் மாலையில் ஆடுவதற்கு ஒரு திடல் இருந்தது. அவர்களை அங்கிருந்து எவரும் விரட்டவில்லை. வீட்டில் ஒரு தமையன் முன்னே நடந்து வழி காட்டினான். நிறுவன அணி ஒன்று வேலையும் தந்து, ஆடும் வாய்ப்பும் தந்து அவர் பழுக்கும்வரை காத்திருந்தது. இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும், முறிந்த மட்டையைக் கட்டி ஆடிய சிறுவனை உலகம் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

கோவில்பட்டியின் நெடும்பயிர்

ஒரு குடும்பம் காட்டிய பொறுமையைக் கண்டோம். ஓர் ஊரே காட்டிய பொறுமைக்குக் கோவில்பட்டி சான்றாகும். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் பெற்ற அக்கரிசல் நகரில், ஆங்கிலேயர் காலத்தில் புகுந்த வளைகோல் ஆட்டம் இன்றளவும் வாடாமல் நிற்கின்றது. ஆட்டக் கழகங்கள் தெருவுக்குத் தெரு தோன்றின. மூத்தோர் விடியற்காலையில் எழுந்து சிறுவர்க்குப் பயிற்சி தந்தனர். இலட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டியைக் காண ஊரார் திரளாகக் கூடுவர். இவ்வாட்டத்தின் வழியாகவே அரசுப் பணியும் வங்கிப் பணியும் பெற்றுக் குடும்பத்தை நிமிர்த்திய இளைஞர் அங்கே பலர்.

ஆயினும் இந்திய அணிக்குள் நுழைவது அத்துணை எளிதாக இல்லை. அதற்கு ஒரு காரணம் தரை. 1976-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் வளைகோல் ஆட்டம் நடந்தது. அதுகாறும் பதக்கமின்றித் திரும்பியறியாத இந்தியா அங்கே ஏழாம் இடத்திற்குத் தாழ்ந்தது. மண் தரையில் பந்து தாவும்; வேகம் குறையும். செயற்கைத் தரையில் அது வழுக்கிக்கொண்டு விரையும். மண்ணில் பழகிய கை புதிய தரைக்குப் பழகுவதற்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. சிற்றூர்களிலோ அத்தரையே இல்லை. 1980-இல் மாஸ்கோவில் தமிழ்நாட்டு வீரர் வி. பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என வென்று தங்கம் பெற்றது உண்மையே. அதன்பின் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுக்கு நாடு 41 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

கோவில்பட்டியார் மனம் தளரவில்லை. நெடுங்காலத்திற்குப் பின் அவ்வூரில் செயற்கைத் தரை அமைந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சிறப்புப் பயிற்சி விடுதியும் அமைந்தது. அவ்விடுதியில் வளர்ந்த கோவில்பட்டி மாரீசுவரன் சக்திவேலும் அரியலூர்க் கார்த்தியும் 2022-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் ஒருங்கே தேர்வு பெற்றனர். கார்த்தி தம் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சென்னை எழும்பூரில் நடந்த ஆசிய வாகையர் கோப்பையை வென்ற அணியிலும் அவர் இருந்தார். அந்த ஒரு கோலை அடித்தவை இரண்டு கைகள் என்று நாம் எண்ணுகின்றோம். அதன் பின்னே மூன்று தலைமுறையினர் விடியலில் எழுந்த உழைப்பு நின்றது.

கிழக்கம்பலத்துச் சிறுவன்

இனி நாம் வாழும் கேரள மண்ணுக்கு வருவோம். இங்கு வளைகோல் ஆட்டம் கால்பந்தைப் போல் ஊர்தோறும் பரவியதன்று. எனினும் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற இரு கோல் காவலர்களை இம்மாநிலம் நாட்டுக்கு அளித்துள்ளது. முதல்வர் கண்ணூரைச் சேர்ந்த மானுவல் பிரெடரிக். 1972-இல் மியூனிக் நகரில் வெண்கலம் வென்ற அணியின் காவலர் அவர். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் கேரளத்தவர் என்னும் பெருமையும் அவருடையதே. ஆனால் தியான் சந்த் விருது என்னும் தேசியச் சிறப்பு அவரை வந்தடைந்தது 2019-இல். பதக்கத்திற்கும் விருதுக்கும் இடையே 47 ஆண்டுகள்! இதனைப் பொறுமை என்று சொல்லலாகாது; மறதி என்றே சொல்ல வேண்டும். இளைஞன் வளரும் காலத்தில் காத்திருப்பது பொறுமை. வளர்ந்து வென்றவனைக் காத்திருக்க வைப்பது புறக்கணிப்பு. இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளுதல் கூடாது.

இரண்டாமவர் பி. ஆர். ஸ்ரீஜேஷ். எறணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் 1988-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் பிறந்தார். இளமையில் ஓட்டம், நீளத் தாண்டல், கைப்பந்து என்று ஒவ்வொன்றாக முயன்று பார்த்தார். பன்னிரண்டாம் வயதில் திருவனந்தபுரத்து ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார். அங்கேதான் பயிற்சியாளர் ஜெயக்குமார் அவரைக் கோல் காவலராக நிறுத்தினார். பிள்ளைக்குக் காவலர் கவசம் வாங்குவதற்காக அவர் தந்தை வீட்டிலிருந்த பசுவை விற்றார் என்பதை ஸ்ரீஜேஷ் தாமே நன்றியுடன் கூறியுள்ளார். பால் தரும் பசுவை விற்றுவிட்டு, பலன் எப்போது வரும் என்று தெரியாத ஒரு கவசத்தை வாங்கிய அந்த உழவரின் உள்ளத்தை நம் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2004-இல் இளையோர் அணியிலும், 2006-இல் கொழும்பில் நடந்த தெற்காசிய விளையாட்டின்போது இந்திய முதன்மை அணியிலும் அவர் இடம் பெற்றார். பதினெட்டு வயதில் நாட்டுக்காக ஆடியவர் உடனே நிலைத்த புகழ் பெற்றார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நடந்தது அதுவன்று.

வளைகோல் ஆட்டத்தில் களத்தில் ஓடும் பதின்மரையும் ஆட்டத்தின் நடுவே எத்துணை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இளைஞன் ஒருவனைச் சில நிமிடம் இறக்கிப் பார்த்து, மீண்டும் வெளியே அழைத்துக்கொள்ளலாம். கோல் காவலரின் நிலை வேறு. இடம் ஒன்றே. முதல் காவலர் நன்றாக ஆடும்வரை இரண்டாமவர் பெரும்பாலும் கோட்டுக்கு வெளியேதான் இருப்பார். களத்து வீரர் செய்யும் பிழையைப் பின்னால் நிற்பவர் திருத்தலாம். காவலர் செய்யும் பிழையோ எதிரணிக்குக் கோலாகக் கணக்கில் ஏறிவிடும். ஆகவே இளங்காவலரைக் களமிறக்க எவரும் தயங்குவர். களமிறங்காமலோ அவர் தேர்ச்சி பெறுதல் அரிது. இச்சிக்கலை அவிழ்ப்பதற்கு வேண்டுவது பொறுமை ஒன்றே.

அக்காலத்தில் அட்ரியன் டிசூசா, பரத் செத்ரி என்னும் மூத்த காவலர் இருவர் இருந்தனர். அவர்களுக்குப் பின்னே ஸ்ரீஜேஷ் அணிக்குள் வருவதும் வெளியேறுவதுமாகப் பல ஆண்டுகள் காத்திருந்தார். ஆயினும் அவரை ஒரேயடியாகக் கைவிட்டுவிடவில்லை. 2008-இல் இளையோர் ஆசியக் கோப்பையில் ஆட விட்டனர். அங்கே சிறந்த காவலர் என்னும் பெயர் பெற்றார். 2011-ஆம் ஆண்டு சீன நாட்டு ஓர்டோஸ் நகரில் ஆசிய வாகையர் கோப்பையின் இறுதியாட்டம். எதிரில் பாகிஸ்தான். இரு தரப்பும் கோல் அடிக்காத நிலையில் பெனால்டி ஸ்ட்ரோக்கால் வெற்றி முடிவாக வேண்டியிருந்தது. அவற்றுள் இரண்டைத் தடுத்து ஸ்ரீஜேஷ் வெற்றியைத் தேடித் தந்தார். பள்ளியில் சேர்ந்து ஏறத்தாழப் பதினோராண்டு கழித்தே நாடு அவரை நன்கறிந்தது.

அதற்கு அடுத்த ஆண்டே இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பன்னிரண்டாம் இடமாகிய கடைசி இடத்தைப் பெற்றது. அவ்வணியில் செத்ரியுடன் ஸ்ரீஜேஷும் இருந்தார். அத்தோல்வியை நோக்கி அவரை நீக்கியிருந்தால் பின் வந்த வரலாறே மாறியிருக்கும். 2014-இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டின் இறுதியில், மீண்டும் பாகிஸ்தானுக்கு எதிராக, அவர் தடுத்த இரு பந்துகளால் 16 ஆண்டுகளுக்குப் பின் இந்தியா தங்கம் பெற்றது. 2016-இல் ரியோ ஒலிம்பிக்குக்கு அவரே அணித் தலைவர். 2017-இல் முழங்காலில் பட்ட பெருங்காயம் பல மாதம் அவரைக் களத்திற்கு வெளியே நிறுத்தியது. மீண்டு வந்தார். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் டோக்கியோவில், ஜெர்மனிக்கு எதிராக 5-4 என்ற நிலையில், ஆட்டம் முடிய ஏழு நொடிகூட இல்லாதபோது எதிரணிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரை அவர் தடுத்தார். நாற்பத்தோராண்டு வறட்சி அந்நொடியில் தீர்ந்தது. 2024-இல் பாரிசில் இரண்டாம் வெண்கலமும் பெற்று அவர் விடைபெற்றார். 2025-இல் பத்மபூஷண் விருது அவரை வந்தடைந்தது.

அவர் பின்னே மற்றொருவர் காத்திருந்தார் என்பதையும் மறத்தலாகாது. கிருஷன் பகதூர் பாடக் 2018-இலேயே இந்திய அணிக்குள் வந்தவர். ஆறாண்டு கழித்தும் பாரிசுக்கு மாற்று வீரராகவே சென்றார். ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்ற பின்னரே முதன்மைக் காவலர் இடம் அவருக்குத் திறந்தது. 2025-இல் இராஜ்கீரில் ஆசியக் கோப்பை வென்ற அணியின் காவலராக அவர் நின்றார்.

பொறுமை இழந்ததன் விளைவு

இந்திய ஹாக்கி எப்போதும் பொறுமையுடன் நடந்துகொண்டது என்று எண்ணிவிடலாகாது. மேலே கூறிய 1998-ஆம் ஆண்டுப் பாங்காக் வெற்றிக்குப் பின் நடந்தது என்ன? தங்கம் வென்ற தலைவர் தன்ராஜ் பிள்ளையும் மூத்த வீரர் பலரும், ஓய்வு தருகின்றோம் என்ற பெயரால், அடுத்த தொடருக்கான அணியிலிருந்து விடப்பட்டனர். பயிற்சியாளர் எம். கே. கௌசிக்கும் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். தோற்றால் நீக்குவதுதான் பொறுமையின்மை என்று நினைக்கின்றோம். வென்றவரையும் நீக்கும் பொறுமையின்மை ஒன்று உண்டு. 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்கு இந்திய ஆடவர் அணி தகுதியே பெறவில்லை. எட்டுத் தங்கம் வென்ற நாட்டுக்கு நேர்ந்த அத்தாழ்வுக்குக் காரணங்கள் பல. அடிக்கடி அடித்தளத்தையே பெயர்த்து நட்ட பழக்கமும் அவற்றுள் ஒன்று எனலாம்.

அதன் பின்னும் அப்பழக்கம் முற்றும் ஒழியவில்லை. டெர்ரி வால்ஷ், பால் வான் ஆஸ், ரோலண்ட் ஓல்ட்மன்ஸ், ஷோர்ட் மரைன், ஹரேந்திர சிங், கிரகாம் ரீட் என 2013 தொடங்கி 2019 வரை ஆறு பேர் அடுத்தடுத்து ஆடவர் அணியின் தலைமைப் பயிற்சியாளராயினர். ஆண்டுக்கு ஓர் ஆசிரியர் மாறினால் மாணவர் எந்தப் பாடத்தை முடிப்பர்?

அப்படியானால் டோக்கியோவில் பதக்கம் கிடைத்தது எவ்வாறு? மேலே ஆசிரியர் மாறினும் கீழே நாற்றங்கால் கலையாமல் இருந்தது. ஒடிசா மாநிலத்துச் சுந்தர்கட் மாவட்டப் பழங்குடிச் சிறுவருக்காகப் பான்போசில் நடைபெறும் விளையாட்டு விடுதி போன்றவை பல்லாண்டாக ஓய்வின்றி வீரரை உருவாக்கி வந்தன. திலீப் திர்க்கி அங்கே உருவானவரே. அதே மாவட்டத்து அமித் ரோகிதாஸ் 2013-இல் இந்திய அணிக்குள் வந்து, பின் இடம் இழந்து, 2017-இல் மீண்டும் வந்து, டோக்கியோவிலும் பாரிசிலும் பதக்கம் பெற்றார். 2018 முதல் ஒடிசா அரசு இந்திய அணிகளின் புரவலராகவும் நின்றது.

மற்றொரு சான்றும் உண்டு. 2016 திசம்பரில் இலக்னோவில் இந்திய இளையோர் அணி பெல்ஜியத்தை 2-1 என வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. அவ்வணியினரை அப்படியே உதிர விடாமல் வளர்த்தனர். ஹர்மன்பிரீத் சிங், மன்தீப் சிங், சுமித், நீலகண்ட சர்மா, குர்ஜந்த் சிங் முதலியோர் டோக்கியோ அணியில் இருந்தனர். டோக்கியோவுக்கு முதலில் அறிவித்த பதினாறு பேரில் பதின்மர் ஒலிம்பிக்கிற்குப் புதியவர். இலக்னோ இறுதியாட்டத்தில் கோல் அடித்த சிம்ரன்ஜீத் சிங்கின் பெயர் அப்பதினாறில் இல்லை; அவர் மாற்று வீரர். தொற்று நோய்க் காலமாதலின் மாற்று வீரரையும் ஆட விடலாம் என்று விதி தளர்ந்தது. வெண்கலத்திற்கான ஆட்டத்தில் இந்தியா 1-3 எனப் பின்தங்கி நின்று, பின்னர் 5-4 என வென்றது. அவ்வைந்து கோல்களில் இரண்டு அந்த மாற்று வீரர் அடித்தவை.

ஏலத்தில் விலை போகாத இளமை

ஏலம் என்னும் சொல்லுக்கு நம் மலைநாட்டில் இரு பொருள் உண்டு. போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் ஏலக்காய் ஏலம் போவதை நாம் அறிவோம். காய்ந்து நிறமேறித் திரண்ட காய்க்குத்தான் அங்கே விலை. செடிக்கும் பூவுக்கும் விலை கூறுவார் இல்லை. இக்காலத் தொழில்முறை ஹாக்கி அணிகளும் வீரரை ஏலத்திலேயே எடுக்கின்றன. 2013-இல் தொடங்கி 2017-க்குப் பின் நின்றுபோன இந்திய ஹாக்கி லீக், 2024 திசம்பரில் மீண்டும் தொடங்கிற்று. தமிழ்நாட்டின் பெயரால் தமிழ்நாடு டிராகன்ஸ் என்னும் அணியும் அதில் ஆடியது. ஒரு சில வாரங்களில் முடிந்துவிடும் தொடர், பெரும்பொருள் செலவு, வென்றாக வேண்டிய நெருக்கடி. இந்நிலையில் அணி உரிமையாளர் முதிர்ந்த வீரரையே நாடுவது இயல்பு.

இதனை உணர்ந்தே, அணிக்கு 24 பேர் எனவும், அவர்களுள் நால்வராவது இளையோராய் இருத்தல் வேண்டும் எனவும் அவ்வாண்டு விதி செய்தனர். நல்ல விதி. ஆயினும் பெயர்ப் பட்டியலில் இடம் தருவது வேறு. களத்தில் இடம் தருவது வேறு. உலகின் சிறந்த வீரருடன் ஒரே விடுதியில் தங்கி, ஒரே திடலில் பயிலும் பேறு பெரிதுதான். அதனோடு, பிழை செய்யும் உரிமையும் இளைஞனுக்கு வேண்டும். முதல் ஆட்டத்தில் பந்தைத் தவற விட்டவனுக்கு இரண்டாம் ஆட்டத்திலும் இடம் தரும் அணியே அவனை உண்மையில் வளர்க்கும் அணி.

இக்கருத்துக்கு அண்மைச் சான்று தமிழ் மண்ணிலேயே கிடைத்தது. 2025 நவம்பர், திசம்பர்த் திங்களில் சென்னையிலும் மதுரையிலும் இளையோர் உலகக் கோப்பை நடந்தது. 24 நாடுகள் பங்கு கொண்டன. 2021-இலும் 2023-இலும் இந்திய இளையோர் நான்காம் இடத்தோடு திரும்பியிருந்தனர். இம்முறை அவர்களுக்குப் பயிற்சியாளராக நின்றவர், பல்லாண்டு காத்திருந்து பழகிய அதே ஸ்ரீஜேஷ். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 எனப் பெருந்தோல்வி. மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் அர்ஜென்டினா இரு கோல் முன்னிலை. இறுதிக் கால் பகுதியில் நான்கு கோல் அடித்து இந்திய இளைஞர் 4-2 என வென்று வெண்கலம் பெற்றனர். பெருந்தோல்விக்குப் பின்னும் இளைஞரைத் தலைநிமிர்ந்து ஆடச் செய்வது வளர்ப்போர் கடமை. அதன் அருமை, தாமே தோற்றும் காத்தும் தேறியவர்க்கு நன்கு தெரியும்.

நாம் செய்யத்தக்கன

எல்லைப்புறத்து மக்கள் விளையாட்டில் குறைந்தவர் அல்லர். இடுக்கி மாவட்டத்து இராசாக்காட்டுப் பகுதியில் பிறந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டின் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 28. பாலக்காட்டு முண்டூரின் பி. யு. சித்ரா 2017-இலும் 2019-இலும் 1,500 மீட்டர் ஓட்டத்தில் ஆசிய வாகை சூடினார். எளிய குடும்பங்களில் பிறந்த இவ்விருவரும் ஒரே பருவத்தில் காய்த்த பயிர் அல்லர். ஓட்டத்திற்கு உண்மையானது வளைகோலுக்கும் உண்மையே. நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும் அதே காற்றும் அதே மேடும் பள்ளமும் உள்ளன. இல்லாதது அவர்களுக்காகக் காத்திருக்கும் மனம்.

ஆகவே நம் சங்கத்தார்க்கும் பெற்றோர்க்கும் சில சொல்ல விரும்புகின்றோம். முதலாவது, திடல். குடியிருப்பை ஒட்டிய வெற்றிடம் எதுவாயினும் அதில் ஒரு பகுதி பிள்ளைகளுக்கென்று நிற்கட்டும். கட்கியின் திடல் இல்லையேல் தன்ராஜ் பிள்ளை இல்லை. இரண்டாவது, மூத்தோர். ஆடி ஓய்ந்த இளைஞர் ஒருவரேனும் கிழமைக்கு இரு மாலை சிறுவருடன் நிற்கட்டும். கோவில்பட்டி வளர்ந்தது அவ்வாறே. மூன்றாவது, விழாப் பரிசு. வென்றவனுக்குப் பரிசு தரும் நாம், சென்ற ஆண்டு தோற்று இவ்வாண்டும் தளராமல் வந்து ஆடிய பிள்ளைக்கும் ஒரு பரிசு வைத்தல் வேண்டும். நான்காவது, படிப்பு. படிப்பைக் கைவிட்டு ஆடுக என்று நாம் சொல்லவில்லை. தேர்வுக் காலத்தில் ஆட்டம் குறையட்டும்; அறவே அறுந்துபோக வேண்டா. இரண்டு ஆண்டு அறுந்த பயிற்சியை மீண்டும் ஒட்டவைப்பது அரிது.

இவை எல்லாம் செய்தாலும் நம் பிள்ளைகள் அனைவரும் இந்திய அணிக்குள் நுழைந்துவிடுவார்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். நூறு பேரில் ஒருவரும் நுழையாமல் போகலாம். ஆனால் தோற்ற மறுநாளும் தன்னை நம்பித் திடலுக்கு அழைக்க ஒருவர் இருந்தார் என்னும் நினைவு, அப்பிள்ளை எத்தொழிலுக்குச் சென்றாலும் உடன் சென்று துணை நிற்கும். மலைமேல் வந்து காட்டைத் திருத்தி, முதற்காய் காணும்வரை பசியோடு காத்திருந்த முன்னோரின் வழியில் வந்தவர் நாம். காத்திருக்கும் கலையைப் பிறர் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. செடியிடம் காட்டிய அப்பொறுமையைப் பிள்ளைகளிடமும் காட்டுவோமாக.

வளர்க இளைஞர்! வாழ்க நம் சங்கம்!